கல்லு எந்தப் பக்கம்?

கழுகுமலையில் நான் நடந்த தடம், ஒரு இடத்தில் பாறைக்குள் புகுந்து கொஞ்ச தூரம் உள்ளேயே போய்விட்டு வெளியே வந்திருந்தது. வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. கிரிவலப் பாதையை விட்டு நான் ஒரு அடிகூட விலகவில்லை, பாறையைத் துளைத்துப் போகும் சக்தியும் எனக்கு இல்லை. 2024 மே 11, சனிக்கிழமை காலை. முந்தைய இரவு இந்திய நேரம் பத்தரை மணி வாக்கில் காந்தப் புயல் பூமியைத் தாக்கி, காலை எட்டு மணியை ஒட்டி உச்சத்தில் இருந்தது. புயல் அளவுகோலின் உச்சப் படி ஜி5, 2003 அக்டோபருக்குப் பிறகு வந்த முதல் ஜி5 புயல் இது. லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்த படங்கள் அன்றே போனுக்குப் போன் பறந்துகொண்டிருந்தன. இரண்டு நாள் முன்னால், 2019 டிசம்பர் கங்கண கிரகணத்துக்கு வாங்கி அலமாரியில் கிடந்த கண்ணாடியைத் தூசி தட்டிப் போட்டு, அந்தப் புயலை அனுப்பிய சூரியப்புள்ளிக் கூட்டத்தை நானே பார்த்திருந்தேன். பூமியைப்போல் பதினைந்து மடங்கு அகலம் என்றார்கள், எனக்குச் சப்பாத்தியில் விழுந்த கருகல் மாதிரி தெரிந்தது. இவ்வளவும் தெரிந்த பிறகு கோணல் தடத்துக்குக் காரணம் தேட வேண்டுமா என்ன? வீட்டுக்கு வந்து, குளிக்கக்கூட இல்லாமல், எங்கள் நடைக் குழுவின் வாட்ஸப்பில் நீளமாக எழுதிப் போட்டேன். சூரியன் என்னைப் பாறைக்குள் தள்ளிவிட்டான் என்கிற தோரணையில். பதினைந்து கோடி கிலோமீட்டர், அயனி மண்டலம், செயற்கைக்கோள், எல்லாம் வந்தது அதில்.

கைதட்டல் பொம்மைகள் நிறைய விழுந்தன. சாயங்காலம் ஒரே ஒரு பதில் மட்டும் வேறு மாதிரி வந்தது. எங்கள் குழுவில் மூத்தவர், முப்பது வருஷத்துக்கு மேல் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் கேட்டது இவ்வளவுதான்: "கல்லு எந்தப் பக்கம்யா இருந்துச்சு?"

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வி எனக்குப் புரிந்துவிட்டதால்தான் கோபம் வந்தது.

என் ஓய்வுநாள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இல்லாத குளக்கரைப் பாதை, வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு, சுடலைமாடன் கோயில், இவற்றை நடந்து பார்த்து வரைந்து சேர்ப்பது. சம்பளம் கிடையாது, வீட்டில் மரியாதையும் கிடையாது. 2019இல் வாங்கிய கையடக்க ஜி.பி.எஸ். கருவி ஒன்று, இரண்டு வருஷம் முன்னால் வாங்கிய போன் ஒன்று, இரண்டையும் கொண்டுபோவேன். கருவி வாங்கிய வருஷத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். சூரியனின் பதினொரு வருஷச் சுழற்சியில் அது மிக அமைதியாக இருக்கிற அடிமட்டம் 2019 டிசம்பர். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து வீடு பிடித்துக் குடிவந்தவன் மாதிரி நான், 'அமைதியான தெரு' என்று ஐந்து வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் பொறுத்து, மே 26 ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் கோவில்பட்டி பஸ் பிடித்து மறுபடி கழுகுமலை போனேன். அதே கருவி, அதே காலை நேரம், அதே பாதை, சட்டைப்பை கூட அதே இடப்பக்கப் பை. புயல் செய்தி எதுவும் இல்லை. திரும்பி வந்து இரண்டு தடங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். கோணல் அதே இடத்தில் தொடங்கி அதே இடத்தில் முடிந்தது. இந்தமுறை பாறைக்குள் போன ஆழம்தான் ஏழெட்டு மீட்டர் குறைவு. பாதை செங்குத்தான பாறைச் சுவரை உரசிக்கொண்டு போகிற அந்த நீட்டு முழுக்க, என் வலப்பக்கம் பாதி வானம் கிடையாது. அந்தப் பக்கச் செயற்கைக்கோள்களின் சிக்னல் நேராக வர வழியில்லை. இடப்பக்கத்திலிருந்து வருகிற சிக்னல் பாறையில் மோதித் திரும்பி வந்து சேர்கிறது. சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத்தான் கருவி தூரத்தைக் கணக்குப் போடுகிறது, சுற்றி வந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? அண்ணாச்சி கேட்டது அதைத்தான். உலகமே இருபது வருஷத்தில் பார்க்காத புயலின் உச்ச மணியில் நான் கழுகுமலையைச் சுற்றி நடந்திருக்கிறேன், என் தடத்தைக் கோணலாக்கியது சமணர்கள் சிற்பம் செதுக்கிய காலத்திலும் அங்கேயே நின்ற கல்.

அந்த ஏழெட்டு மீட்டர் வித்தியாசம்? அது புயலாக இருக்கலாம், அன்றைக்கு மேலே செயற்கைக்கோள்கள் நின்ற இடம் வேறாக இருந்ததும் இருக்கலாம். இரண்டு நடையை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. இதை நான் குழுவில் எழுதவில்லை. பழைய பதிவை அழிக்கவும் இல்லை.

மக்காச்சோளமும் குளக்கரையும்

அதே வார இறுதியில் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் விவசாயிகள் டிராக்டரை வயலோரம் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மக்காச்சோளம் விதைக்கிற பருவம். அங்கே பெரிய பண்ணைகளில் டிராக்டரைச் செயற்கைக்கோள்தான் ஓட்டுகிறது, சால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பிசகாமல் போக வேண்டும். விதைத்த வரிசையை நம்பித்தான் பின்னால் உரம், மருந்து, களை எல்லாம். அந்தச் சென்டிமீட்டர் துல்லியம் எப்படி வருகிறது என்றால், இடம் தெரிந்த ஒரு நிலையத்தில் ஒரு கருவி, வண்டியில் ஒரு கருவி, இரண்டின் தலைக்கு மேலும் வானம் ஒரேமாதிரி இருக்கிறது என்கிற நம்பிக்கையில் ஒன்றின் பிழையை வைத்து மற்றதைத் திருத்துவது. புயல் வந்தபோது அந்த நம்பிக்கை போய்விட்டது. சில கிலோமீட்டர் இடைவெளியிலேயே வானம் வேறு வேறாக இருந்தது.

நான் குளக்கரை வரைகிறேன். கரை அகலமே மூன்று மீட்டர். ஐந்து மீட்டர் தள்ளி விழுந்தால் செயற்கைக்கோள் படத்தைப் பின்னால் போட்டுக் கையால் இழுத்துவிடுவேன். புயல் செய்தி வரும்போதெல்லாம் 'மலையேறுகிறவர்களே ஜாக்கிரதை' என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள் (நானும் எழுதினேன், அது வேறு விஷயம்), ஆனால் யாருக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. பாதை தவறாமல் போய்த் திரும்ப நினைக்கிறவருக்கு இருபது மீட்டர் பிழை ஒன்றும் இல்லை. ட்ரோனைத் தானாகவே புறப்பட்ட இடத்தில் இறக்கப் பார்க்கிறவருக்கு அதே இருபது மீட்டர் என்றால் பக்கத்து வீட்டு ஓடு.

திசைகாட்டி பற்றியும் ஒரு வார்த்தை. காந்தப் புயல் என்றதும் திசைகாட்டி சுற்றோ சுற்று என்று சுற்றும் என்று நினைத்திருந்தேன். முள்ளைத் திருப்புவது பூமியின் கிடைமட்டக் காந்தப் புலம், நம் பக்கம் அது ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. மே புயல் அதில் குறைத்தது 400 சொச்சம், நூற்றில் ஒன்று. அதுவும் வலிமை குறைகிறதே ஒழிய முள்ளைப் பக்கவாட்டில் தள்ளுவது மிகக் கொஞ்சம். 1859 செப்டம்பரில், பதிவானவற்றிலேயே பெரிய புயல் வந்தபோது பம்பாய் கொலாபாவில் 1,600 குறைந்ததாகக் கணக்கு இருக்கிறது. அதுவே நூற்றில் நான்குதான். பையில் கிடக்கும் பத்து ரூபாய்த் திசைகாட்டி, புயலைவிட உங்கள் பெல்ட் கொக்கியைப் பார்த்துத்தான் அதிகம் மிரளும்.

ஏழு மணிக்கு மேல

சரி, அப்போது சூரியன் நம்மை ஒன்றும் செய்வதில்லையா? நானும் ஒரு ஆறு மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, கொஞ்சம் அசட்டுத்தனமாக எதிர்ப்பக்கம் சாய்ந்து, சூரியப் புயல் என்று யாராவது வாயெடுத்தால் 'கல்லு எந்தப் பக்கம்?' என்று கேட்டு வாயை அடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அண்ணாச்சியின் தங்கை மகன் பக்கத்தில் உட்கார்ந்தான். டி.ஜி.பி.எஸ்., அதாவது அந்த டிராக்டர் மாதிரி இரண்டு கருவி வைத்துப் பிழை திருத்துகிற ஜி.பி.எஸ்., வைத்து ரோடு வேலைக்கு அளக்கிற பையன். பேச்சு அங்கே இங்கே போய், அவன் சாதாரணமாகச் சொன்னான்: "வெயிலுக்குப் பயந்து சாயங்காலம் வேலைய வச்சுக்கிட்டா, ஏழு ஏழரைக்கு மேல ஃபிக்ஸ் நிக்காதுண்ணே. ஃப்ளோட்லயே கிடந்து அலையும். அதுவும் மார்ச்சு, ஏப்ரல்ல சொல்லவே வேண்டாம். பதினொரு மணிக்கு மேல தானா சரியாயிரும்." ஃபிக்ஸ் என்றால் சென்டிமீட்டர் துல்லியம் பிடிபட்ட நிலை, ஃப்ளோட் என்றால் அது பிடிபடாமல் அலைகிற நிலை. புயலா என்று கேட்டேன். அவன் புயலைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. "தினமும் இல்லண்ணே. சில நாள் வரும், சில நாள் வராது. எங்க ஆளுக அந்த மாசத்துல ராத்திரி வேல வச்சுக்கிட மாட்டாங்க."

பாயசம் ஆறியது.

அந்தப் பையன் சொன்னதைப் படித்துச் சம்பளம் வாங்குகிற ஒரு கூடமே எங்கள் ஊரில் இருக்கிறது. திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். பேரிலேயே நிலநடுக்கோடு இருக்கிறது. அது புவியியல் நடுக்கோடு இல்லை, பூமியின் காந்தப் புலம் தரைக்கு இணையாகக் கிடக்கிற காந்த நடுக்கோடு. நம் தென்முனையை ஒட்டிக் கடக்கிற அந்தக் கோட்டுக்காகத்தான் ராக்கெட் ஏவ, திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவையும் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் அந்தி நேரத்தில் கிளம்பி, மேலே போய்ச் சோடியம் ஆவியைக் கக்கி வானத்தில் ஆரஞ்சுக் கோடு இழுத்தது. கிருஷ்ணாபுரம் வழியாக எத்தனையோ முறை சைக்கிளில் போயிருக்கிறேன், கோயில் சிற்பத்துக்காக. தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று பார்க்க அதே ஊரில் வேறு ஒரு இடம் இருந்தது எனக்குத் தெரியாது.

நடப்பது இதுதான். பகலெல்லாம் வெயில் மேல்காற்றில் உள்ள அணுக்களைப் பிய்த்து மின்னேற்றத்தோடு விடுகிறது. அதன் வழியாக வரும் ஜி.பி.எஸ். சிக்னல் தாமதமாகிறது. சூரியன் உச்சத்தில் உள்ள ஆண்டில் மதியம் தலைக்கு நேர் மேலே இருந்து வருகிற சிக்னலே 10, 15 மீட்டர் அதிக தூரம் வந்தமாதிரி காட்டும். செயற்கைக்கோளே அனுப்பும் எட்டு எண்களை வைத்துக் கருவி அதில் பாதி அளவைக் கழித்துவிடும். மீதிப் பாதி நம் பாடு. இது பகல் கணக்கு, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், நடப்பவன் கண்ணில் படாது. வேடிக்கை சூரியன் மறைந்த பிறகு. கீழ் அடுக்கு சட்டென்று வற்றிவிடுகிறது, மேல் அடுக்கு வற்றாமல் காந்த நடுக்கோட்டின் மேல் இன்னும் உயரே எழும்புகிறது. கனமானது மேலே, இலேசானது கீழே. அடுப்பில் கஞ்சி கொதிக்கும்போது அடியிலிருந்து குமிழி கிளம்பிக் கனத்த கஞ்சியைப் பிளந்துகொண்டு வருமே, அப்படி வெற்றுக் குமிழிகள் கிளம்புகின்றன. அந்தக் குமிழிகளின் ஓரம் வழியாக வருகிற சிக்னல் நட்சத்திரம் மாதிரி மினுக்குகிறது. ஒரு நொடி பலம், மறுநொடி ஒன்றுமில்லை. கருவி பிடியை விட்டுவிடுகிறது. மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது அதிகம். அப்போதுதான் அந்திக்கோடு நம் காந்தக் கோடுகளோடு ஒத்துப்போய், அந்தக் கோடுகளின் வடக்கு நுனியிலும் தெற்கு நுனியிலும் ஒரே நேரத்தில் இருட்டுகிறது.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. குமிழி பிறப்பது நம் தலைக்கு மேலே, அடி அதிகம் விழுவது குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் வங்காளத்திலும். நடுக்கோட்டில் எழும்பிய மின்னேற்றம் நீரூற்று மாதிரி வடக்கும் தெற்கும் சரிந்து அங்கே போய்க் குவிகிறது. கனத்த கஞ்சி அங்கே, அதனால் குமிழியின் ஓரமும் அங்கே கூர்மை. மெலிந்த கஞ்சி நமக்கு.

புயல் இதை என்ன செய்யும் என்பதுதான் நான் எதிர்பார்க்காத பதில். அதிகமாக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். சில நேரம் அதிகமாக்கும், சில நேரம் அடக்கியே விடும். புயல் எந்த மணிக்கு வருகிறது, அப்போது நமக்கு அந்தியா நள்ளிரவா விடிகாலையா என்பதைப் பொறுத்து அது மாறும். உலகம் முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை ஓடுகிற ஒரு மாலையில் நம் குளக்கரை வழக்கத்தைவிட அமைதியாக இருக்கக்கூடும். எந்தச் செய்தியும் இல்லாத ஒரு சாதாரண பங்குனி மாலையில் கருவி பேயாடக்கூடும். காந்தப் புயலின் வேகத்தை 0 முதல் 9 வரை சொல்கிற கேபி எண்ணைப் போனில் காட்டும் செயலியை நிறுவி, 7 வந்தால் வீட்டில் இரு, 3 வந்தால் கிளம்பு என்று இருந்தவன் நான். கேபி எண் உலகத்துக்கே ஒன்றுதான், அதற்குத் திருநெல்வேலியில் இப்போது சாயங்காலம் என்று தெரியாது.

தொட்டியின் மேல்

2025 மார்ச்சில் வீட்டு மொட்டை மாடியில் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அண்ணாச்சிக்குப் போன் செய்து சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா. இருக்கிறது என்றேன். "அப்ப தொட்டிக்கு மேல வை. பக்கத்துல வச்சிட்டு, நாளைக்கு வந்து சூரியன், சந்திரன்னு கதை சொல்லாத." தொட்டியின் மேல் பழைய கருவியும் போனும், இரண்டும் அசையாதபடி ஈரச்சாக்கு மடித்து வைத்து, மூன்று நாள் சாயங்காலம் ஐந்திலிருந்து நள்ளிரவு வரை நொடிக்கு ஒரு புள்ளி பதிய விட்டேன். ஒரு நாள் முழுப் பகலும். என் மனைவி கீழேயிருந்து, தொட்டிக்குள்ளே விழுந்துவிடாமல் இறங்கி வந்தால் போதும் என்றாள்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை, புள்ளிகள் ஒரு கார் நிற்கிற இடத்துக்குள் அடங்கின. கல்யாணப் பந்தியில் கேட்டதை நம்பி மொட்டை மாடியில் கொசுக்கடி வாங்குகிறோமே என்றிருந்தது. மூன்றாம் நாள் எட்டு இருபதுக்குப் பழைய கருவியின் புள்ளிகள் கடுகு சிந்தினமாதிரி சிதறத் தொடங்கின. தெற்கே தாழ இருந்த செயற்கைக்கோள்களின் சிக்னல் பட்டை திரையில் முதலில் ஆடியது, அப்புறம் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், அரை நிமிஷத்தில் திரும்பி வந்து, மறுபடி போய். நிலை பதினைந்து மீட்டருக்கு அலைந்தது. உயரம் அதைவிட மோசம், நாற்பது மீட்டருக்குள் ஏறி இறங்கியது. புதுப் போன் இரட்டை அதிர்வெண், எல்1, எல்5 இரண்டையும் பிடிப்பது, அதனால் தப்பிக்கும் என்று எதிர்பார்த்தேன். இரண்டு அதிர்வெண்ணையும் ஒப்பிட்டுத் தாமதத்தைக் கழிக்கிற வித்தை மதியத் தாமதத்துக்குத்தான் மருந்து. மினுக்கலுக்கு இல்லை, பார்க்கப்போனால் அதிர்வெண் குறைந்த எல்5தான் அதிகம் மினுக்கும். போனில் எல்5 பட்டைகள்தான் முதலில் விழுந்தன. ஆனாலும் போன் பல நாட்டுச் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பிடிப்பதால், விழாமல் மீந்ததை வைத்துச் சமாளித்தது, ஐந்தாறு மீட்டருக்கு மேல் போகவில்லை. ஒன்பதே காலுக்கு இரண்டுமே ஒன்றும் நடக்காததுபோல் பழைய இடத்துக்கு வந்துவிட்டன.

கேபி செயலியைத் திறந்து பார்த்தேன். 2.

அந்த ஐம்பத்தைந்து நிமிஷம் நான் தொட்டி ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டிருந்தேன். மேலே பார்த்தால் சாதாரண வானம். மிருகசீரிடம் நன்றாகத் தெரிந்தது. மே மாதப் புயலுக்குக் கிடைத்த சிவப்பு ஒளி, படம், செய்தி எதுவும் இதற்குக் கிடையாது. ஒலி கிடையாது. அது பாட்டுக்குக் கிழக்கே நகர்ந்து போய்விட்டது, குமிழிகள் அப்படித்தான் நகரும்.

அதிலிருந்து என் பழக்கத்தில் சில மாறின. பங்குனி, சித்திரையிலும் புரட்டாசி, ஐப்பசியிலும் இருட்டின பிறகு வரைபட நடை போவதில்லை. போனாலும் தடத்தை அப்படியே ஏற்றுவதில்லை. உயர எண்ணை எந்த மாதமும் நம்புவதில்லை. கோணல் தெரிந்தால் முதலில் அதே இடத்தை வேறு நாளில் நடந்து பார்க்கிறேன். கோணல் அங்கேயே இருந்தால் கல்லோ மரமோ கட்டடமோ. கோணல் இடம் மாறினால் மணியைப் பார்க்கிறேன்.

போன அக்டோபரில் கூந்தன்குளம் கரையில் கொஞ்சம் நேரமாகிவிட்டது. எட்டு மணி. நான் நேராக நடந்துகொண்டிருக்க, திரையில் தடம் தண்ணீருக்குள் இறங்கிப் போயிற்று. மாதம் சரி, மணி சரி, எல்லாம் பாடப்புத்தகம்போல் பொருந்தி வந்தது. இருட்டில் நின்று குழுவுக்கு எழுதத் தொடங்கி, இரண்டு வரி எழுதியும் விட்டேன். அப்புறம் தலையைத் தூக்கி இடப்பக்கம் பார்த்தேன். பஞ்சாயத்தின் மேல்நிலைத் தொட்டி நின்றது.